வாஷிங்டன் ரோப்ளிங், புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்தவர் – ஜூலை 21 நினைவு இழை

நூல்குண்டு (இழையைத் தொடங்கியவர்)

1926 ஜூலை 21. நியூஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் நகரில், தன் 89-ஆவது வயதில் வாஷிங்டன் ரோப்ளிங் காலமான நாள். புரூக்ளின் பாலம் என்றாலே அவருடைய அப்பா ஜான் ரோப்ளிங் பெயரைத்தான் பலரும் சொல்கிறார்கள். வடிவம் அப்பாவுடையது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் இறந்தபோது, நியூயார்க்குக்கும் புரூக்ளினுக்கும் நடுவில் ஓடும் ஈஸ்ட் ஆற்றில் ஒரு கல்கூட இறங்கவில்லை.

1869 ஜூன் 28 அன்று கோபுரம் எங்கே வரவேண்டும் என்று அளந்துகொண்டிருந்த ஜானின் கால், கரையை மோதிய படகுக்கும் துறை மரத்துக்கும் நடுவில் சிக்கி நசுங்கியது. கால்விரல்களை எடுத்தார்கள். அதன்பின் மருத்துவர் பேச்சைக் கேட்காமல், காயத்தில் ஓயாமல் தண்ணீர் ஊற்றும் தன் நீர்ச் சிகிச்சையையே நம்பினார். ரணஜன்னி (டெட்டனஸ்) கண்டு ஜூலை 22-ல் போய்விட்டார். மகனுக்கு அப்போது வயது 32. அடுத்த 14 ஆண்டுகள் அந்தப் பாலம்தான் அவர் வாழ்க்கை, அவர் மனைவி எமிலியின் வாழ்க்கையும்கூட.

கெய்சன், வடம், கம்பி மோசடி என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். மனிதரைப் பற்றியும் எழுதுங்கள். அவர் செய்த வேலையையும் அவர் குடும்பத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே புரியாது என்பது என் எண்ணம்.

மட்டக்கோல்

அடித்தளத்திலிருந்து தொடங்குகிறேன். நம் ஆற்றுப் பாலங்களுக்குக் கிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்குப் பாதி விஷயம் உடனே பிடிபடும். கிணற்றுக்கு மேல்வாய் திறந்திருக்கும். தண்ணீருக்குள்ளேயே வாளியை விட்டு மண்ணை அள்ளுவோம், கிணறு தன் பாரத்தில் இறங்கும். கெய்சன் என்பது கவிழ்த்து வைத்த பெட்டி. அடிப்பக்கம் திறப்பு, மேலே கனத்த கூரை. உள்ளே காற்றை அழுத்தி ஏற்றினால் தண்ணீர் உள்ளே வராது, ஆட்கள் ஆற்றின் படுகையிலேயே நின்று தோண்டலாம். தோண்டத் தோண்டக் கூரைமேல் கோபுரத்தின் கல்கட்டு ஏறும், அந்தப் பாரம் பெட்டியைக் கீழே தள்ளும்.

புரூக்ளின் பக்கத்துக் கெய்சன் 168 அடி நீளம், 102 அடி அகலம். வேலை செய்யும் அறையின் உயரம் ஒன்பதரை அடி. கூரையின் தடிமன் 15 அடி, அதுவும் முழுக்க மரம்: ஓர் அடிச் சதுரப் பைன் உத்தரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி போல்ட் போட்டு முடுக்கியது. இடுக்குகளில் தோணிக்கு அடிப்பதுபோல நாரும் கீலும் வைத்துக் கலப்பற்று அடித்தார்கள். 1870 மார்ச்சில் கப்பலை இறக்குவதுபோலவே இதையும் ஆற்றில் இறக்கினார்கள். விளிம்பு உள்ளிருந்து சரிந்து கூராக முடியும், அதற்கு வார்ப்பிரும்புக் காப்பு.

மண் வெளியேறிய விதத்தைக் கவனியுங்கள். கூரை வழியாக மேலே போகும் நீர்க்குழாயின் அடிவாய், அறைத் தரையில் தோண்டிய ஒரு குட்டையில் மூழ்கியிருக்கும். அறையின் காற்றழுத்தம் குட்டை நீரை அழுத்த, குழாயில் தண்ணீர் தூணாக நிற்கும். ஆட்கள் மண்ணைக் குட்டையில் தள்ள, மேலிருந்து இறங்கும் பெரிய வாளி தண்ணீருக்குள்ளேயே அள்ளிக்கொண்டு போகும். குட்டையில் நீர்மட்டம் அடிவாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் எல்லாம் கெட்டது. 1870-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுதான் நடந்தது. நீர்க்குழாய் வழியே காற்று பீறிட்டு, தண்ணீரும் சேறும் கல்லும் வானத்தில் எழும்பின. ஆள் குறைவான நாள் என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. காற்று முழுக்கப் போன பிறகு அத்தனை பாரத்தையும் அந்தக் கூரையும் உள்தாங்கு சுவர்களும் மட்டுமே தாங்கின. 15 அடி மரம் வீண் செலவு என்று நினைப்பவர்களுக்கு அந்தக் காலைப் பொழுதுதான் பதில்.

தென்கரையான்

மட்டக்கோல் அண்ணா, வேகம் எவ்வளவு? மணலில் இறங்குவது வேறு, அங்கே பெரும் பாறாங்கற்கள் என்று படித்தேன்.

மட்டக்கோல்

ஆமாம் தம்பி, அதுதான் பெரிய தலைவலி. விளிம்புக்கு அடியில் பாறாங்கல் மாட்டினால் பெட்டி ஒரு பக்கம் தொங்கும். கடப்பாரையாலும் சுத்தியலாலும் உடைத்துக்கொண்டிருந்தபோது வாரத்துக்கு ஆறு அங்குலம்கூட இறங்குவது சிரமமாக இருந்தது. வெடி வைக்கலாமா என்றால், அழுத்தக் காற்றில் அதிர்வு காதைக் கிழிக்குமா, நீர்க்குழாய்களில் நிற்கும் தண்ணீர் கலைந்துவிடுமா என்று யாருக்கும் தெரியாது. ரோப்ளிங் முதலில் உள்ளே கைத்துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தார். பிறகு சிறிய மருந்து, அப்புறம் கொஞ்சம் பெரியது. ஒன்றும் ஆகவில்லை. வெடி வைக்கத் தொடங்கிய பின் இறங்கும் வேகம் இரண்டு மூன்று மடங்கானது. ஆளை அனுப்பிச் செய்யவில்லை, தானே உள்ளே நின்று செய்தார்.

ஆற்றுமணல்

அந்தக் குணம்தான் அவர் உடம்பைத் தின்றது. 1870 டிசம்பர் 1 இரவு நடந்ததைச் சொல்கிறேன்.

வெளிச்சத்துக்கு வைத்திருந்த மெழுகுவத்தியிலிருந்து கூரையின் ஒரு மூட்டில் இருந்த கலப்பற்று நாரில் தீ பிடித்தது. சாதாரணக் காற்றில் அது புகைந்து அணைந்திருக்கலாம். அழுத்தக் காற்றில் மரம் எரியும் வேகமே வேறு. அதோடு, காற்று எங்கே கசிய வழி கிடைக்கிறதோ அங்கே தீயை இழுத்துக்கொண்டு போகும். கீழே பார்த்தால் கைமுட்டி அளவு ஓட்டை, மேலே உத்தர அடுக்குகளுக்குள் தீ கிளை கிளையாகப் படர்ந்திருந்தது. தண்ணீரும் நீராவியும் அடித்தார்கள். ரோப்ளிங் இரவு முழுக்கக் கீழேயே இருந்தார். விடியும் முன் கைகால் மரத்துப்போய் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். தீ அணைந்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போய்ப் படுத்தவருக்குச் சில மணி நேரத்தில் செய்தி வந்தது: துளை போட்டுப் பார்த்ததில் மேல் அடுக்கில் கங்கு இருக்கிறது.

திரும்பி வந்து அவர் எடுத்த முடிவு, கெய்சனைத் தண்ணீரால் நிரப்புவது. இரண்டரை நாள் மூழ்க வைத்தார்கள். அழுத்தத்தை மெதுவாகக் குறைத்து, இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். பிறகுதான் நிஜமான பாடு. கரியான மரத்தை ஒவ்வொரு பொந்திலும் சுரண்டி எடுத்து, சிமென்ட் கலவையை உள்ளே செலுத்தி, பெரிய பள்ளங்களில் புது மரம் செருகித் தச்சர்கள் வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்து வேலை செய்தார்கள். சுரண்டாமல் விட்டால் கரி நசுங்கும், மேலே நிற்கும் கோபுரம் ஒரு பக்கம் அமுங்கும். மேலோட்டமாகப் பூசி மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அப்படி விடவில்லை.

புரூக்ளின் பக்கம் 44 அடி 6 அங்குலத்தில் நின்றது. நியூயார்க் பக்கத்துக்கு இந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கெய்சனின் உள்புறம் முழுக்க இரும்புத் தகடு. கூரையும் 22 அடியாக வளர்ந்தது.

வெண்கம்பி

நியூயார்க் பக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி, கொஞ்சம் எதிர்க்கேள்வியும்தான். 78 அடி 6 அங்குலத்தில் நிறுத்திவிட்டார்கள். பாறையைத் தொடவில்லை. மணல்மேல் நிற்கும் கோபுரம் அது. இன்று ஒரு வடிவமைப்பாளர் இப்படிச் செய்தால் நாம் ஒப்புக்கொள்வோமா?

ஆற்றுமணல்

ஆய்வு செய்துவிட்டு நிறுத்தினால் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே பாறை சமமாக இல்லை, மேடும் பள்ளமும். முகட்டைத் தொட்டதும் முழுப் பரப்பையும் பாறையில் உட்கார வைக்க வேண்டுமென்றால் பள்ளப் பக்கத்தை எட்ட இன்னும் பல அடி போயாக வேண்டும், முகடுகளை வெடிவைத்துத் தறிக்க வேண்டும். அரைகுறையாக முகட்டில் மட்டும் உட்கார வைப்பது மணலில் விடுவதைவிட மோசம். ஒரு மூலை கெட்டி, மறு மூலை இளக்கம்.

அவர் பார்த்தது பாறைமேல் கிடந்த அடுக்கு. மணலும் சரளையும் இறுகி, கடப்பாரைக்கும் பணியாத அளவு கெட்டி. எந்த நீரோட்டமும் அந்த அடுக்கைக் கலைத்ததற்கு அடையாளம் இல்லை. ஆகவே 1872 மே 18 அன்று நிறுத்தச் சொன்னார். அறையைக் கான்கிரீட்டால் நிரப்பினார்கள். கோபுரம் இன்றும் அங்கேயே நிற்கிறது.

இன்னொரு காரணமும் அந்த முடிவில் இருந்தது. அந்த ஆழத்தில் கூடுதல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 34 பவுண்ட். இரண்டு மணி நேரமாக இரண்டு முறை, நாளொன்றுக்கு அவ்வளவுதான் வேலை. அப்படியும் வெளியே வந்தவர்கள் மூட்டு மூட்டாக வலியில் மடங்கினார்கள். பணியிட மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் சிகிச்சை அளித்தவர்கள் 110 பேர். அந்த வசந்தத்தில் சில வாரங்களுக்குள் மூன்று பேர் செத்தார்கள். செயின்ட் லூயியில் ஈட்ஸ் பாலத்துக்கு 100 அடியை நெருங்கிப் போனபோது பத்துப் பேருக்கு மேல் போன கதை ரோப்ளிங்குக்குத் தெரியும். பாறை வரை போவதென்றால் இன்னும் எத்தனை உயிர் என்று கணக்குப் போட்டவர் அவர்.

தென்கரையான்

அந்த நோய்க்குக் காரணம் அப்போது தெரியாதா?

மட்டக்கோல்

தெரியாது. அழுத்தத்தில் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்த நைட்ரஜன், வெளியே வரும்போது அழுத்தம் சட்டென்று குறைவதால் குமிழாகிறது என்பதை 1878-ல்தான் பால் பேர் என்ற பிரெஞ்சு அறிஞர் நிறுவினார். சோடாப் புட்டியை மெதுவாகத் திறந்தால் பொங்காது, சட்டென்று திறந்தால் பொங்கும், அதே கதை. ஸ்மித் மெதுவாக வெளிவரச் சொன்னார், ஒரு கூடுதல் வளிமண்டல அழுத்தத்துக்கு ஐந்து நிமிடம் என்ற கணக்கில். இன்றைய அட்டவணைகளைப் பார்த்தால் அதுவே போதாது. ஆட்களோ குளிரில் நனைந்த உடம்போடு அழுத்தத்தை மெல்லக் குறைக்கும் காற்றுப் பூட்டறையில் உட்காரப் பொறுமையின்றி அதற்கும் முன்பே வந்துவிடுவார்கள். வலி வந்தவரை மறுபடி அழுத்தத்துக்குள் கொண்டுபோவதுதான் மருந்து. அந்த யோசனையை ஸ்மித்தே எழுதி வைத்தார், ஆனால் அங்கே செய்து பார்க்கவில்லை.

ரோப்ளிங் நாளில் பலமுறை உள்ளே போய் வந்தவர். 1872-ல் நோயில் விழுந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் இருந்தபடியே மிச்ச வேலைக்கான குறிப்புகளை எழுதினார். தான் பிழைக்க மாட்டோம் என்ற பயத்தில், பின்னால் வருபவர் தடுமாறக் கூடாது என்று எழுதியவை அவை.

கொச்சக்கயிறு

இனி எமிலி. இந்த இழையின் பாதி அவருக்குச் சேர வேண்டும்.

எமிலி வாரன், நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஊர்ப் பெண். உள்நாட்டுப் போரில் வாஷிங்டனின் மேலதிகாரியாக இருந்த தளபதி வாரனின் தங்கை. அண்ணனைப் பார்க்க முகாமுக்கு வந்த இடத்தில் சந்திப்பு, 1865 ஜனவரி 18-ல் திருமணம். 1867-ல் அப்பா ஜான் அவர்கள் இருவரையும் ஐரோப்பாவுக்கு அனுப்பினார், கெய்சனையும் எஃகையும் படித்துவர. கணவர் பணிமனை பணிமனையாகப் பார்க்கும்போது எமிலியும் கூட இருந்தார். அந்தப் பயணத்தில்தான், மாமனார் பிறந்த ஜெர்மானிய ஊரான மூல்ஹவுசனில், அவர்களின் ஒரே மகன் பிறந்தான். தாத்தாவின் பெயரையே வைத்தார்கள்.

கணவர் விழுந்த பிறகு அவருக்குக் கண் கூசும், சத்தம் ஆகாது, பேசினாலே களைப்பு. எமிலிதான் கடிதம் எழுதுவது, படித்துக் காட்டுவது, களத்துக்குப் போய் உதவிப் பொறியாளர்களிடம் சொல்வது, அவர்கள் கேட்பதைக் கொண்டுவருவது. வடம் தொங்கும்போது எடுக்கும் வளைவு, பொருள்களின் வலிமை, ஒப்பந்த விவரக்குறிப்பு எல்லாம் கற்றுக்கொண்டார்.

எமிலிதான் நிஜமான தலைமைப் பொறியாளர், கணவர் பெயரளவுக்கு என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல, அது எமிலிக்கும் பெருமை சேர்க்காது. கணக்கும் தீர்ப்பும் வாஷிங்டனுடையவை. மார்ட்டின், காலிங்வுட், பெயின், ஹில்டன்பிராண்ட் போன்ற உதவிப் பொறியாளர்கள் களத்தில் பல ஆண்டு நின்றார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு சொல்லும் திரியாமல் போய்வந்தது எமிலி வழியாக. அளவு பிசகாமல் எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் அந்த அளவின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். களத்தில் வாய்மொழி உத்தரவு மாறிப்போய் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் எடை தெரியும்.

நூல்குண்டு

நன்றி. ஒன்று சேர்க்கிறேன். 1873-ல் சிகிச்சைக்காக ஜெர்மனிக்குப் போய்த் திரும்பி, பிறகு டிரென்டனில் இருந்து கடிதத்திலேயே வேலையை நடத்தினார்கள். 1877-ல்தான் புரூக்ளினுக்கு, கொலம்பியா ஹைட்ஸ் தெருவில் இருந்த வீட்டுக்குத் திரும்பினார்கள். மேட்டில் இருக்கும் தெரு. பின்பக்கச் சன்னலில் உட்கார்ந்தால் ஆறும் கோபுரங்களும் தெரியும். தூரநோக்கியோடு அவர் அங்கே உட்கார்ந்திருந்ததைத்தான் எல்லோரும் படமாகச் சொல்கிறார்கள், ஆனால் முதல் சில ஆண்டுகள் அந்தக் காட்சிகூட அவருக்கு இல்லை.

வெண்கம்பி

வடத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

நான்கு வடங்கள். ஒவ்வொன்றும் 15¾ அங்குல விட்டம். நடுக்கண், அதாவது இரு கோபுரங்களுக்கு நடுவிலான தூரம், 1,595 அடி 6 அங்குலம். கயிறுபோல முறுக்கியதல்ல. கம்பிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கும். கம்பிகள் சேர்ந்து ஒரு புரி, 19 புரிகள் சேர்ந்து ஒரு வடம். கம்பி துத்தநாகம் பூசிய எஃகு. தொங்குபாலத்தின் வடத்துக்கு எஃகுக் கம்பி போட்டது இங்கேதான் முதல்முறை. அதற்கு முன் எல்லாம் இரும்பு. ஒரு கம்பி குறைந்தது 3,400 பவுண்ட் தாங்க வேண்டும் என்பது நிபந்தனை.

இணைப்பு எப்படி என்றால், இரண்டு கம்பி நுனிகளையும் சாய்வாக வெட்டி, மரை போட்டு, உள்மரை கொண்ட சிறு எஃகுக் குழலில் இரு பக்கமிருந்தும் ஏற வைப்பது. சாய்வு முகங்கள் ஒன்றோடொன்று பதிந்ததும் சுழலாது. முழுக் கம்பியின் வலிமையில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு அந்த இணைப்பிலும் கிடைத்தது. சுருள்களை ஆளி விதை எண்ணெயில் முக்கி உலரவிட்டு மறுபடி முக்குவார்கள், துரு அண்டாமல் இருக்க.

தொய்வைச் சரிபார்ப்பது விடியற்காலையில். வெயில் ஏறினால் ஒரு பக்கக் கம்பி சூடாகி நீளும், நிழல் பக்கத்தது நீளாது. நண்பகலில் சமப்படுத்தினால் இரவில் ஒன்று இழுக்கும், மற்றொன்று தொங்கும்.

இனி மோசடி. கம்பி ஒப்பந்தம் ரோப்ளிங் குடும்ப ஆலைக்குப் போயிருக்க வேண்டியது. பாலத்தின் அதிகாரி எவருக்கும் பங்குள்ள நிறுவனம் ஏலத்தில் வரக்கூடாது என்று பாலத்தை நிர்வகித்த அறங்காவலர்கள் தீர்மானம் போட்டதால், வாஷிங்டன் தன் பங்குகளை விற்றார். அப்படியும் ஒப்பந்தம் புரூக்ளினின் ஜே. லாயிட் ஹேக் என்பவருக்குப் போனது. ஹேக் செய்தது இது: ஆய்வாளர் ஆலையில் நல்ல சுருள்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பார். வண்டி பாலத்துக்குப் போகும் வழியில் வேறொரு கட்டடத்தில் நிற்கும். நல்ல சுருள் இறங்கும், மட்டமான சுருள் ஏறும். இறங்கிய நல்ல சுருள் ஆலைக்குத் திரும்பி மறுபடி சோதனைக்கு வரும். 1878 ஜூலையில் பிடிபட்டபோது ஏராளமான மட்டக் கம்பி வடத்துக்குள் போய்விட்டிருந்தது, உருவ முடியாது.

ரோப்ளிங் பதறவில்லை. அவர் வடத்தைத் தேவைக்கு ஆறு மடங்கு வலிமையில் கணித்திருந்தார். மட்டக் கம்பியைக் கழித்தால் ஐந்து மடங்குக்குக் குறையாது. அதையும் ஈடுகட்ட வடத்துக்குச் சுமார் 150 கம்பி கூடுதலாக, ஹேக்கின் செலவில். அதனால்தான் ஒரு வடத்துக்கு 5,282 கம்பி என்று திட்டமிட்டது 5,434 ஆயிற்று. இன்று அந்தப் பாலத்தைத் தாங்குவதில் அந்த மட்டக் கம்பியும் சேர்த்திதான்.

மட்டக்கோல்

பாதுகாப்புக் காரணி ஆறு என்பது எழுத்தில் ஓர் எண். கணிக்க முடியாத ஒன்று வரும் என்று தெரிந்து ஒதுக்கிய இடம் அது. மோசடி அதில் ஒன்றைத் தின்றது. 1881-ல் ரயில் போகவேண்டும் என்று அறங்காவலர்கள் தளம் ஆடாமல் பிடிக்கும் விறைப்புச் சட்டங்களை ஆழமாக்கச் சொன்னபோது 1,000 டன் எஃகு கூடியது, அதற்கும் அந்த இடத்திலிருந்துதான். மேலும் கோபுர உச்சியிலிருந்து தளத்துக்கு விசிறியாக இறங்கும் சாய்வு வடங்கள் தனியே ஒரு பங்கைத் தாங்குகின்றன.

மோசடி பிடிபட்டதற்கு முந்தைய மாதமே, 1878 ஜூன் 14-ல், ஒரு துயரம் நடந்தது. புரியை உயரத்தில் கட்டி முடித்துப் பிறகு அதன் இடத்துக்கு இறக்குவார்கள். வட நுனியைக் கரையில் பிடித்திருக்கும் நியூயார்க் நங்கூரக் கட்டில் அப்படி இறக்கும்போது பிடித்திருந்த எஃகுக் கயிறு அறுந்து, புரி சீறிக்கொண்டு ஆற்றில் போய் விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். கட்டி முடிப்பதற்குள் மொத்தம் இருபது பேருக்கு மேல். அவர்களையும் இந்த இழையில் நினைப்போம்.

தென்கரையான்

அவரைப் பதவியிலிருந்து நீக்கப் பார்த்தார்களாமே?

கொச்சக்கயிறு

1882 ஆகஸ்டில். பத்தாண்டாக ஆளைக் கண்ணில் பார்க்காத தலைமைப் பொறியாளர் எதற்கு என்று புரூக்ளின் மேயர் சேத் லோ கேட்டார். அறங்காவலர்கள் வாக்கெடுத்தார்கள்: நீடிக்கட்டும் என்று 10, வேண்டாம் என்று 7. மூன்று வாக்கு. 1883 மே 24 திறப்பு விழாவுக்கு அவர் போகவில்லை. குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் பாலத்தைக் கடந்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்து கைகுலுக்கினார். அதற்குச் சில நாள் முன்பே எமிலி வண்டியில் ஒரு சேவலை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் பாலத்தைக் கடந்திருந்தார். வெற்றிக்கு அடையாளம் அந்தச் சேவல்.

நூல்குண்டு

பிந்தைய ஆண்டுகள் சுருக்கமாக. எமிலி 1899-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான சட்ட வகுப்பை முடித்தார், 1903-ல் மறைந்தார். வாஷிங்டன் 1908-ல் கார்னீலியா என்பவரை மணந்தார். குடும்ப ஆலையை நடத்திய தம்பி மகன்கள் தலைமுறையில் 1921-ல் தலைவர் திடீரென இறந்துபோக, 84 வயதில் இவரே தலைமைக்கு வந்தார். கம்பெனிக் கார் வேண்டாம் என்று டிராமில் ஏறி வேலைக்குப் போனார். ஆலையை மின்சாரத்துக்கு மாற்றினார். ஹட்சன் ஆற்றின் பேர் மவுன்டன் பாலத்துக்கு வடம் போடும் வேலையும் அந்தக் காலத்தில்தான்.

வாழ்நாள் முழுக்கக் கனிமங்கள் சேர்த்தார், ஏறத்தாழ 16,000 துண்டுகள். அவர் இறந்த பின் மகன் அவற்றை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அப்பாவிடம் தான் பட்ட அடியையும் கெடுபிடியையும் வாஷிங்டன் எழுதி வைத்திருக்கிறார். தன் மகனை அப்படி வளர்க்கவில்லை. இதய நோயாளியான அந்த மகனோடு கடிதப் போக்குவரத்து கடைசி வரை இருந்தது.

தென்கரையான்

அடக்கம் எங்கே?

நூல்குண்டு

கோல்ட் ஸ்பிரிங்கில், எமிலியின் பக்கத்தில்.